சார்ட்டில் எல்லாருக்கும் மூச்சு 20. நான் எண்ணினால் 26 வருகிறது

கேள்வி: இரண்டாமாண்டு மாணவி

வணக்கம். நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று வாரமாகப் பொது மருத்துவ வார்டில் போஸ்டிங். காலை 6 மணி வைட்டல்ஸ் எடுப்பது மாணவிகளான எங்கள் வேலை. நான்கு நாளாக ஒரு விஷயம் மனதைப் போட்டுப் பிசைந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

9ஆம் பெட்டில் 71 வயதுப் பெரியவர். சிறுநீர்த் தொற்று என்று சேர்த்திருந்தார்கள். அன்று காலை வெப்பநிலை 37.2, பல்ஸ் 88, பிபி 118/70, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 95. இதெல்லாம் தெர்மாமீட்டரும் மெஷினும் காட்டியது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை மட்டும் நானே எண்ணினேன். 26 வந்தது. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று இன்னொரு தடவை எண்ணினேன். அப்போதும் 26.

சார்ட்டைப் புரட்டினால் முந்தைய வேளைகளில் 20, 20, 18, 20 என்று இருக்கிறது. பக்கத்துப் பெட்டுக்கும் அதேதான். அந்த வரிசை முழுக்க வேறு எண்ணே கிடையாது. டூட்டியில் இருந்த அக்காவிடம் சொன்னேன். நைட் ஷிப்ட் முடியும் நேரம், புது அட்மிஷன் வேறு, அவர் ஓடிக்கொண்டிருந்தார். "பல்ஸ் நார்மல், பிபி நார்மல், சாச்சுரேஷன் நார்மல். மூச்சு மட்டும் எப்படிம்மா 26 ஆகும்? சரியா எண்ணு" என்றார். எனக்கு 26 என்று எழுதக் கை வரவில்லை. 22 என்று எழுதினேன்.

சாயங்காலம் அவருக்குப் பேச்சு தடுமாறியது. மகளையே யார் என்று கேட்டிருக்கிறார். பிபி 86/50. ஐசியூவுக்கு மாற்றினார்கள். இப்போது தேறி வருவதாகக் கேள்விப்பட்டேன்.

நான் எண்ணியது சரியா தவறா? மற்ற எல்லாம் நார்மலாக இருக்கும்போது மூச்சு மட்டும் ஏறுமா? ஏறினால் அதை எப்படிச் சொன்னால் காதில் வாங்குவார்கள்? திட்டினாலும் பரவாயில்லை, யாராவது சொல்லுங்கள்.

பதில்: வார்டு சிஸ்டர்

தங்கச்சி, திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பதில் எழுதும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அவர் வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இரவில் என்ன கொடுத்தார்கள்? முந்தைய நாள் பிபி எவ்வளவு?

இரண்டாமாண்டு மாணவி

அக்கா, அவருக்குப் பல வருடமாக பிபி உண்டு. மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். விடிகாலை 4 மணிக்கு உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் கொடுத்திருக்கிறார்கள். முந்தைய நாள் பிபி 154/90. சேர்ந்த அன்றும் கிட்டத்தட்ட அதுதான்.

பதில்: வார்டு சிஸ்டர்

நான் 27 வருடமாக வார்டில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் தோன்றியது, நீங்கள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள் என்பது. இரண்டு தடவையும் ஒரே எண் வந்ததற்காக மட்டும் சொல்லவில்லை. மற்ற நான்கு எண்களையும் அவரை வைத்துப் படித்துப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

பிபி 118/70. யாரிடம் காட்டினாலும் நல்ல பிபி என்பார்கள். ஆனால் இந்த மனிதருக்கு முந்தைய நாள் 154. ஒரே இரவில் 36 இறங்கியிருக்கிறது. அவருடைய உடம்புக்கு 118 தாழ்வான அழுத்தம்தான். அடுத்து பல்ஸ் 88. மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்துகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அந்த மாத்திரை இல்லாதிருந்தால் பல்ஸ் வேறு கதை சொல்லியிருக்கும். வெப்பநிலை 37.2 என்பது பாராசிட்டமால் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது, அதுவும் மருந்து நன்றாக வேலை செய்கிற நேரத்தில். அது இல்லாவிட்டாலும், கடுமையான தொற்றிலும் வயதானவர்களுக்குக் காய்ச்சல் ஏறாமல் இருப்பதுண்டு. சிலருக்கு உடம்பு சில்லிட்டுக்கூடப் போகும். காய்ச்சல் இல்லை என்று வயதானவர் விஷயத்தில் மட்டும் நிம்மதி அடையாதீர்கள்.

ஆக, அன்று காலை அவருக்கு எது நடந்துகொண்டிருந்ததோ அதை மூன்று எண்கள் மறைத்துவிட்டன. அவர் சாப்பிட்ட இந்த இரண்டு மாத்திரைகளும் மூச்சை மறைக்காது.

மூச்சு ஏன் முதலில் ஏறுகிறது என்று கேட்டால், தொற்று ரத்தத்தில் பரவும்போது திசுக்களுக்குப் போக வேண்டிய ரத்தமும் ஆக்சிஜனும் குறையும், லாக்டிக் அமிலம் சேரும். அந்தப் புளிப்பை ஈடுகட்ட உடம்பிடம் கைவசம் உள்ள வேகமான வழி, கரியமில வாயுவை வெளியே தள்ளுவது. அதனால் நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லாதவர்கூட வேகமாக மூச்சு விடுவார். சிறுநீர்த் தொற்றுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இப்போது அந்த 22ஐப் பற்றி. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய 'நியூஸ் 2' என்ற மதிப்பெண் முறையை உங்களுக்கும் பாடத்தில் சொல்லியிருக்கலாம்; வைட்டல்ஸ் இயல்பிலிருந்து விலக விலக மதிப்பெண் கூடும். அதன்படி போட்டுப் பாருங்கள். மூச்சு 26க்கு 3 மதிப்பெண். சாச்சுரேஷன் 95க்கு 1. மற்றதெல்லாம் பூஜ்யம். மொத்தம் 4. அவசரமாகப் பார்க்க வேண்டிய எல்லையான 5க்குக் கீழேதான், ஆனாலும் ஒரே அளவீட்டில் 3 வந்துவிட்டால் உடனே ஒருவர் வந்து நோயாளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது அந்த முறையின் விதி. 22 என்று எழுதினால் மூச்சுக்கு 2, மொத்தம் 3. அந்த விதி பொருந்தாது. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்ற கட்டத்தில் அவர் போய் உட்கார்ந்துவிடுகிறார். உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. 26க்கும் 22க்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், இனி யார் சொன்னாலும் எண்ணை மாற்ற மாட்டீர்கள்.

இதை எனக்கு ஒரு பெண் கற்றுக்கொடுத்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். 24 வயது, வயிற்றில் அறுவை முடிந்து வார்டுக்கு வந்தவள். பிபி 110/70. பல்ஸ் 118, வலியாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். மூச்சு 20 என்று எழுதினேன். எண்ணவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து அவளுடைய அம்மா வந்து "சிஸ்டர், பிள்ளை ஒரு மாதிரி இருக்கா, கை ஜில்லுன்னு இருக்கு" என்றார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இளம் உடம்பு பிபியைக் கடைசி வரை விடாமல் தாங்கிப் பிடிக்கும். விட்டால் ஒரேயடியாக விட்டுவிடும். மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அவள் பிழைத்து வீட்டுக்குப் போனாள். நான் எண்ணாமல் எழுதிய அந்த 20, சார்ட்டில் எந்த ஓரத்தில் இருந்தது என்பது இன்றும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

சரி, எப்படி எண்ணுவது?

மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொல்லாதீர்கள். சொன்ன நொடியே அவருடைய மூச்சு மாறிவிடும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பல்ஸ் பாருங்கள். முடிந்ததும் விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு பார்வையை மட்டும் நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ மாற்றுங்கள். போர்வை தடித்து அசைவு தெரியாவிட்டால், பிடித்திருக்கும் கையையே அவர் நெஞ்சின் மேல் மடக்கி வையுங்கள். ஏறி இறங்குவது உங்கள் கைக்கே தெரியும். ஏறி இறங்கினால் ஒன்று. முழு நிமிடம். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறும்போது நான்கு தவறுகிறது. நியூஸ் முறையில் 20க்கும் 24க்கும் உள்ள தூரம் அதுதான்.

அவர் அப்போதுதான் கழிவறைக்குப் போய் வந்திருந்தாலோ, பேசிக்கொண்டிருந்தாலோ, இருமி முடித்திருந்தாலோ, கொஞ்ச நேரம் விட்டு எண்ணுங்கள். எண்ணும்போது எண்ணோடு சேர்த்து மற்றதையும் பாருங்கள். மூக்குத் துவாரம் விரிகிறதா, கழுத்துத் தசை இழுக்கிறதா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாரா? 22 வந்து முழு வாக்கியம் பேசுகிறவரும், 22 வந்து இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துகிறவரும் ஒன்றல்ல. வேகம் குறைவதும் கவலைக்குரியதுதான். மார்ஃபின் மாதிரி மருந்து போய்க்கொண்டிருப்பவருக்கு 8 வந்தால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு இந்தக் கணக்கே வேறு. பிறந்த குழந்தைக்கு 40, 50 எல்லாம் இயல்பு. பெரியவர்களின் எல்லையை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

பல்ஸையும் முழுக்க மெஷினிடம் விட்டுவிடாதீர்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்துத் தொட்டுப் பார்த்தால்தான் துடிப்பு ஒழுங்காக வருகிறதா, நூல் மாதிரி மெலிந்திருக்கிறதா, தோல் ஈரமாக, சில்லென்று இருக்கிறதா என்று தெரியும். துடிப்பு ஒழுங்கில்லை என்றால் அங்கேயும் முழு நிமிடம். அப்படிப்பட்டவருக்குத் தானியங்கி பிபி மெஷின் காட்டுவதையும் அப்படியே நம்ப முடியாது, கையால் ஒரு தடவை பாருங்கள். பிபி பார்க்கக் கையில் சுற்றும் பட்டையான கஃபின் அளவைப் பற்றி ஒரே வார்த்தை: பருத்த கைக்குச் சிறிய கஃப் கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும். உங்கள் வார்டில் ஒரே ஒரு கஃபைத்தான் எல்லாருக்கும் கட்டுகிறார்கள் என்றால் அதையும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். 22 என்று எழுதியதை உங்கள் கிளினிக்கல் ஆசிரியரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சார்ட்டை இப்போது போய்த் திருத்தக் கூடாது. என்ன எண்ணினீர்கள், ஏன் மாற்றி எழுதினீர்கள் என்று அப்படியே சொல்லுங்கள். அந்த வரிசை முழுக்க 20 இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: மயக்கவியல் மருத்துவர்

சிஸ்டர் சொன்னதில் மாற்ற ஒன்றுமில்லை. சாச்சுரேஷனை அவர் விட்டுவிட்டார், அதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் "95 இருக்கே, அப்புறம் என்ன" என்பதை நான் தினமும் கேட்கிறேன்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டுவது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை. அதற்காக ஒருவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பதை அது காட்டாது. வேகமாக மூச்சு வாங்கியே ஒருவர் 95ஐக் காப்பாற்றி வைத்திருக்கலாம். களைத்துப்போகும் வரை காப்பாற்றுவார். அதற்குப் பிறகு மளமளவென்று இறங்கும். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருப்பவருக்கு இந்த எண் இன்னும் ஏமாற்றும். எத்தனை லிட்டர் ஓடும்போது இந்த எண் என்று சேர்த்து எழுதாவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

விரல் சில்லிட்டிருந்தால், நகப்பூச்சு இருந்தால், கை நடுங்கினால் தவறும். புகைக்குள் மாட்டிக்கொண்டு வந்தவருக்கு அது 99 காட்டும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியதாகவே அந்தக் கருவி எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, கருத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். அமெரிக்க நோயாளிகளை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது. கருத்த தோலுள்ள நோயாளிக்கு 93, 94 வந்தால் நான் அதைச் சற்றே சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "அக்கா, மூச்சு 26" என்று மட்டும் சொன்னால், எண்ணுவதில் தப்பு என்று தோன்றுவது இயல்பு. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "9ஆம் பெட், சிறுநீர்த் தொற்று, 71 வயது. முழு நிமிடம் இரண்டு தடவை எண்ணினேன், மூச்சு 26. பிபி நேற்று 154, இன்று 118. மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்கள் ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா, அல்லது டாக்டரைக் கூப்பிடட்டுமா?" போனில் இப்படி ஒரு மாணவி சொன்னால் நான் படியேறி வருவேன். 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்பதைச் சொல்லத் தயங்காதீர்கள். அதுவும் ஒரு தகவல்தான்.

சிஸ்டரின் 'முழு நிமிடம்' பற்றி ஒரு பழைய செய்தி. நொடி முள் உள்ள கைக்கடிகாரம் எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1700களின் தொடக்கத்தில், ஜான் ஃப்ளோயர் என்ற ஆங்கில மருத்துவர் நாடி எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்தார். நம் எல்லாரிடமும் கடிகாரம் இருக்கிறது.

பதில்: அப்பாவைப் பார்த்துக்கொள்பவன்

நான் மருத்துவத் துறை இல்லை. அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சிஓபிடி. வீட்டில் ஆக்சிமீட்டர், பிபி மெஷின் இரண்டும் உண்டு. முதலில் சாச்சுரேஷன் 90 காட்டினாலே பதறிப்போய் ஆக்சிஜனைக் கூட்டிவிடுவேன். அவருக்கு 88இலிருந்து 92க்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு தேங்கி மயக்கநிலைக்குப் போகலாம் என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

இப்போது தினமும் அவர் டிவி பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணி நோட்டில் எழுதுகிறேன். அவருக்கு வழக்கம் 20, 21. போன மாதம் மூன்று நாள் தொடர்ந்து 23, 25, 27 என்று வந்தது. சாச்சுரேஷன் மூன்று நாளும் 90தான். நோட்டோடு போனேன், நெஞ்சில் சளித்தொற்று என்று மருந்து கொடுத்தார்கள். வார்டில் சேர்க்க வேண்டி வரவில்லை.

சிஸ்டரிடம் ஒரு சந்தேகம். அப்பாவின் பிபி காலையில் ஒன்று, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று காட்டுகிறது. மெஷின் கெட்டுவிட்டதா?

பதில்: வார்டு சிஸ்டர்

தம்பி, நீங்கள் வைத்திருக்கும் நோட்டு பல வார்டு சார்ட்டுகளைவிட மேல்.

மெஷினைத் தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகா எடுக்கிறீர்கள்? முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கால்மேல் கால் போடாமல்? கை இதய மட்டத்தில் மேசை மேல் இருக்க வேண்டும், தொங்கினால் பிபி கூடுதலாகக் காட்டும். சட்டைக் கைக்கு மேலே கட்டக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள், எடுக்கும்போது பேச வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது எடுத்து இரண்டையும் எழுதுங்கள். இதற்குப் பிறகும் நாலைந்து வித்தியாசம் வந்தால் அது இயல்பு.

எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்றால், நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாமாண்டு மாணவி

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஆசிரியரிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு வார்டு இன்சார்ஜிடம் போனார். மூச்சு வரிசையை இருவரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். அன்று டூட்டியில் இருந்த அக்காவும் வந்தார். "நீ சொன்னப்பவே நான் வந்து பார்த்திருக்கணும்" என்றார். ஒரே ஆளாக எத்தனை பெட்டைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 9ஆம் பெட் தாத்தா ஐசியூவிலிருந்து வார்டுக்குத் திரும்பிவிட்டார்.

இன்று காலை எனக்கு ஆறு பெட். எல்லாருக்கும் முழு நிமிடம் எண்ணினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாக ஆனது. 14, 17, 16, 24, 15, 19. அந்த 24ஐ உடனே அக்காவிடம் போய்ச் சொன்னேன், டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டு என்னோடு வந்தார். விசாரித்தால், அந்த அம்மா அப்போதுதான் கழிவறையிலிருந்து நடந்து வந்து படுத்திருந்தார். கால் மணி நேரம் கழித்து அக்காவே எண்ணினார், 17. இரண்டு எண்ணையும் நேரத்தோடு எழுதியிருக்கிறேன்.